லைன் வீடும் குடியுரிமையும்

(தீத்தொண்டு வாரத்தின் முதல் நாளான ஏப்ரல் 14 அன்று கீழ் கோத்தகிரியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நாற்காலி போட்டும் உட்காராமல் கதவோரம் சீருடையோடு நிற்கிறார்கள் தீயணைப்புத் துறைத் தம்பிகள். ஏன் நிற்கிறீர்கள் என்று தம்பிகளைக் கேட்டேன். அழைப்பு வந்தால் கிளம்ப வேண்டுமே சார் என்றார்கள். நான் நாற்பது வருடம் வாத்தியாராக இருந்தவன், சுருக்கமாகப் பேசத் தெரியாது. அழைப்பு வந்தால் என் முகத்தைப் பார்க்காமல் போய்விடுங்கள்.

இன்று சித்திரை முதல் நாள். அம்பேத்கர் பிறந்த நாள். தீயணைப்பு வீரர்களுக்கு நீத்தார் நினைவு நாளும்கூட. மூன்றும் ஒரே தேதியில் விழுந்தது தற்செயல்தான். ஆனால் நான் பேச வந்தது, பிறருக்காக உயிர் விட்டவரின் குடும்பத்துக்கு அந்த நாட்டில் இடம் உண்டா என்பதை. அதற்குப் பின்னிரண்டும் வேண்டியிருக்கிறது.

முதலில் நெருப்பு. 1944 ஏப்ரல் 14, பம்பாய் விக்டோரியா கப்பல்துறை. ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற சரக்குக் கப்பலில் பஞ்சுப் பொதி, சுமார் 1,400 டன் வெடிபொருள், கூடவே தங்கக் கட்டிகள். பஞ்சையும் வெடிமருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பது அடுப்படியில் நிற்கிற எந்த அம்மாவுக்கும் தெரியும். போர்க்கால அவசரத்துக்குத் தெரியவில்லை. பிற்பகலில் புகை கிளம்பியது. தீயணைப்பு வீரர்கள் தண்ணீர்க் குழாயோடு இறங்கினார்கள். நாலு மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஒரு வெடி. 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். அவர்களுக்காகத்தான் இன்று மாலை வைத்தோம்.

அந்த 66 பேரில் ஒருவர்கூட இந்தியக் குடிமகன் இல்லை. திகைக்காதீர்கள். 1944-ல் அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது. பிரிட்டிஷ் மன்னரின் பிரஜைகளாகச் செத்தார்கள். குடியுரிமை என்கிற சொல் சட்டமாக வந்தது 1949 நவம்பர் 26-ல். அரசியலமைப்பின் மற்ற பகுதிகளில் பெரும்பாலானவை ஜனவரி 26-க்குக் காத்திருந்தன, குடியுரிமைப் பிரிவுகள் மட்டும் காத்திருக்க முடியாது என்று அன்றே அமலுக்கு வந்தன. அந்தப் பிரிவுகளை அவையில் முன்வைத்தவர் அம்பேத்கர். 1949 ஆகஸ்டில் அவர் எழுந்து நின்று, வரைவுக் குழுவுக்கு வேறு எந்தப் பிரிவும் இந்த அளவுக்குத் தலைவலி கொடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். எதற்கும் அசராத மனிதர் அப்படிச் சொன்னார் என்றால் விஷயம் எவ்வளவு சிக்கல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதில் எட்டாவது பிரிவு என்று ஒன்று உண்டு. பெற்றோரோ தாத்தா பாட்டியோ இந்தியாவில் பிறந்தவர் என்றால், வெளிநாட்டில் இருக்கிறவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிந்து குடிமகனாகலாம். இங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பாதிப்பேர் வீட்டுக் கதை அந்தப் பிரிவுக்குப் பக்கத்தில் வருவதுதான். என் வீட்டுக் கதையும் அதுதான்.

என் அப்பா இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். இலங்கை 1948-ல் ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. உன் அப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று காட்டு, தாத்தன் பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது. லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், பிறந்தவனுக்கு யார் சான்று எழுதி வைத்தார்கள்? பிறப்புக்குச் சாட்சி மருத்துவச்சிக் கிழவி, அவளும் போய்ச் சேர்ந்திருப்பாள். ஒரே கையெழுத்தில் லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். பிறகு 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர் என்று கணக்கு எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். அந்த மிச்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். கொழுந்து மூட்டையைக் கூட எங்கள் ஊரில் இன்னும் கொஞ்சம் மரியாதையாகத்தான் நிறுப்பார்கள்.

எங்கள் வீட்டில் அந்த ஒப்பந்தப்படி கொடுத்த குடும்ப அட்டை இன்னும் இருக்கிறது. தலைவர் என்ற இடத்தில் அப்பா பெயர். அவர் பெயருக்குக் கீழே அம்மா, அண்ணன், நான். தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது அப்பா அதைச் சட்டைக்குள் வைத்து, மேலே கையால் அழுத்திக்கொண்டே வந்தார். நெஞ்சு வலிக்குதா என்று அம்மா கேட்டது ஞாபகம் இருக்கிறது. அந்த வயதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போது புரிகிறது. நாங்கள் மூன்று பேரும் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி. கொடி அப்பா. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் துணி எங்கே விழும் என்று அந்த அட்டையில் எழுதியிருக்கவில்லை.

இதையே உங்களுக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். லைன் வீடு. செக்ரோலில், அதாவது தோட்டத்தின் ஆள் பதிவேட்டில், பேர் இருக்கும்வரை வீடு. பேர் போனால் வீடும் போகும். எங்கள் வரிசையில் ஓர் அண்ணன் மருந்தடிக்கும்போது மயங்கி விழுந்து இறந்தார். தோட்டத்தின் பெயர் வேண்டாம். காரியம் முடிந்த மறுநாள் அவர் மனைவியிடம் தோட்டத்தார் வந்து கேட்ட முதல் கேள்வி, பேரை யாருக்கு மாற்றுவது என்பதுதான். பெரிய பெண்ணுக்குப் பதினாறு வயது. பள்ளியை நிறுத்தி அவள் பேரைப் போட்டார்கள். வீட்டுக்காக. நான்தான் அவளுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். அந்த எழுத்து இன்றைக்கும் உறுத்துகிறது.

வெளிநாட்டில் வேலை செய்கிறவன் குடும்பத்தின் விசா இருக்கிறதே, அதுவும் அசல் லைன் வீடுதான். புருஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறான், அவன் விசாவில் தொங்கிக்கொண்டு மனைவி, பிள்ளைகள். அவன் இறந்தால் அவர்கள் அந்த நாட்டில் இருக்கக் காரணமே இல்லை என்கிறது பல நாட்டுச் சட்டம். ஊருக்காகச் செத்தான் என்று ஒரு பக்கம் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், இன்னொரு பக்கம் குடும்பத்துக்கு நாள் எண்ணுவார்கள்.

கற்பனை இல்லை இது. 2020-ல் கொரோனா. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டு டாக்டர்களும் நர்சுகளும் வரிசையாக இறந்தார்கள். ஏப்ரல் கடைசியில் அரசு ஓர் அறிவிப்பு செய்தது: அவர்கள் குடும்பங்கள் நாட்டிலேயே நிரந்தரமாக இருக்கலாம். நல்ல காரியம். ஆனால் பட்டியலில் டாக்டர் உண்டு, நர்ஸ் உண்டு. அதே வார்டைக் கூட்டித் துடைத்தவர் இல்லை. நோயாளியைத் தள்ளிக்கொண்டு போனவர் இல்லை. முதியோர் இல்லத்தில் பாட்டிகளுக்குச் சோறு ஊட்டியவர் இல்லை. சத்தம் எழுந்தது. மே 20-ல் அவர்களையும் சேர்த்தார்கள். கிருமிக்குத் தெரியாத வித்தியாசத்தை நீக்க ஓர் அரசாங்கத்துக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒரு சலுகையைத் தியாகம் என்று பெயரிட்டுக் கொடுக்கத் தொடங்கினால், யார் செத்தது தியாகம் என்று தரம் பிரிக்க ஓர் ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். எனக்கு அங்கேதான் பயம்.

அமெரிக்காவில் 1990-ல் ஒரு சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாமல் ராணுவத்தில் சேர்ந்து போரில் இறந்தவருக்கு, இறந்த பிறகு குடியுரிமை கொடுக்கலாம். பாடையில் வைக்க ஒரு காகிதம். அதனால் மனைவி மக்களுக்கு எந்தப் பலனும் இல்லை என்று அந்தச் சட்டமே சொன்னது. 2003-ல் இராக் போரில் முதலில் விழுந்தவர்களில் ஒருவர் குவாத்தமாலாவில் பிறந்த அனாதைப் பையன். அவனுக்கும் செத்த பிறகுதான் குடியுரிமை. அந்த வருடக் கடைசியில்தான் சட்டத்தைத் திருத்திக் குடும்பத்துக்கும் பலன் சேர வழி செய்தார்கள். அதுவும் சிப்பாய்களுக்கு. தீயணைப்பு வீரர், போலீஸ், ஆம்புலன்ஸ் ஊழியர் குடும்பங்களுக்கும் இதை நீட்ட வேண்டும் என்ற பேச்சு அங்கே இருக்கிறது.

சரி, குடியுரிமை இருந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா? முகம்மது சல்மான் ஹம்தானி என்ற இளைஞனின் கதையைக் கேளுங்கள். கராச்சியில் பிறந்து, கைக்குழந்தையாக நியூயார்க் போய், அமெரிக்கக் குடிமகனாகவே வளர்ந்தவர். ஆம்புலன்ஸ் பயிற்சி பெற்றவர், போலீஸ் பயிற்சி மாணவராகவும் இருந்தவர். வயது 23. 2001 செப்டம்பர் 11 அன்று வேலைக்குக் கிளம்பியவர், எரியும் கோபுரங்களை நோக்கிப் போய்விட்டார். ஆள் காணவில்லை, பெயர் முகம்மது. போதாதா? குற்றவாளியைத் தேடுவதுபோல் அவரைப் பற்றி விசாரித்தார்கள். அக்டோபரில் வந்த தேசபக்திச் சட்டத்தில் அவர் பெயரைப் போட்டு வீரன் என்று புகழ்ந்தார்கள். பெற்றவர்கள் அப்போதும் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். உடலின் மிச்சங்கள் அடையாளம் காணப்பட்டது 2002 மார்ச்சில். நினைவிடத்தில் மீட்பாளர்கள் பெயர் பொறித்த பகுதியில் அவர் பெயர் இன்றும் இல்லை, வேறு பகுதியில் இருக்கிறது.

பிரான்ஸ் கொஞ்சம் வேறு மாதிரி. 2018-ல் பாரிஸில் நாலாவது மாடி பால்கனியில் தொங்கிய குழந்தையைக் காப்பாற்ற, மமூது கசாமா என்ற மாலி நாட்டு இளைஞர் வெறுங்கையால் சுவரேறினார். கையில் உரிய காகிதம் இல்லாதவர். சில மாதத்தில் குடியுரிமை, தீயணைப்புப் படையில் இடம். வீடியோ இல்லாதிருந்தால்? அதை விடுங்கள். அங்கே எனக்குப் பிடித்தது வேறொன்று. 1999 டிசம்பரில் அவர்கள் ஒரு சட்டம் செய்தார்கள். பிரெஞ்சுப் படையில் சேர்ந்த அந்நியன் போரில் காயம்பட்டால் குடியுரிமை கேட்கலாம். அவன் இறந்துவிட்டால் அந்த உரிமை அவன் மைனர் பிள்ளைகளுக்குப் போகும். கொடி அறுந்தால் துணியை யார் பிடிப்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் ஆட்கள் கதைக்கு வருகிறேன். 2025 ஜூலை 26, சிங்கப்பூர். தஞ்சோங் காத்தோங் சாலையில் திடீரென்று பூமி உள்வாங்கி, ஒரு பெண் காரோடு குழிக்குள் போய்விட்டார். பக்கத்தில் வேலை செய்த ஏழு தொழிலாளர்கள் நைலான் கயிறு வீசி சில நிமிடங்களில் மேலே இழுத்தார்கள். கயிறு போடச் சொன்ன மேற்பார்வையாளர் தமிழ்நாட்டுக்காரர், இருபது வருடத்துக்கு மேல் அங்கே உழைத்தவர். மனிதவள அமைச்சகம் ஒரு நாணயம் கொடுத்துப் பாராட்டியது. அதிபர் அழைத்துப் பேசினார். சிங்கப்பூர் மக்களே நிதி திரட்டினார்கள், நிரந்தர வசிப்புரிமை கொடுங்கள் என்று கேட்டவர்களும் உண்டு. எனக்கு உறைத்தது வேறு. வொர்க் பெர்மிட்டில் போகிறவன் குடும்பத்தை அங்கே அழைத்துக்கொள்ள முடியாது. கயிறு நழுவி அவர்களில் ஒருவர் உள்ளே போயிருந்தால், சேதி கேட்டு அழ வேண்டியவர்கள் அத்தனை பேரும் கடலுக்கு இந்தப் பக்கம்.

பிற நாட்டைக் குறை சொல்வது சுலபம். நம் சட்டம் என்ன சொல்கிறது? 1955-ம் வருடத்துக் குடியுரிமைச் சட்டம், ஆறாவது பிரிவு. அறிவியல், தத்துவம், கலை, இலக்கியம், உலக அமைதி, மனித முன்னேற்றம் – இவற்றில் சிறந்த தொண்டு செய்த அந்நியருக்கு மத்திய அரசு நிபந்தனைகளைத் தளர்த்திக் குடியுரிமை தரலாம். அழகான பட்டியல். தத்துவம் எழுதியவருக்கு இடம் இருக்கிறது. வெள்ளத்தில் குதித்துக் குழந்தையைத் தூக்கியவனை, மனித முன்னேற்றம் என்ற பொதுச் சொல்லுக்குள் வக்கீல் வைத்துத்தான் நுழைக்க வேண்டும். அவன் செத்துவிட்டால் அதுவும் இல்லை, விண்ணப்பிக்க ஆள் இல்லையே. ஐந்தாவது பிரிவில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது: விசேஷக் காரணம் இருந்தால் எந்த மைனர் பிள்ளையையும் மத்திய அரசு குடிமகனாகப் பதியலாம். தாய்க்கு அந்தக் கதவு கிடையாது.

அகதி முகாமில் இருக்கிறவர் நிலைமை இன்னும் மோசம். இப்போது மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், நல்லதுதான். உரிய ஆவணம் இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி, அவர் பதியவும் முடியாது, விண்ணப்பிக்கவும் முடியாது என்கிறது 2003 திருத்தம். 2019 திருத்தத்தில் மூன்று நாடுகளிலிருந்து வந்த சில சமயத்தவருக்கு வழி திறந்தார்கள், அந்த நாடுகளில் இலங்கை இல்லை. அதே 2019 ஜூன் 17-ல் மதுரை அமர்வில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு எழுதினார். மனுதாரர்கள் 65 பேர். எங்களைப்போலத் தோட்டத் தமிழர்கள், கலவரத்துக்குத் தப்பி வந்தவர்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்று. நாங்கள் ஒப்பந்தப்படி அட்டையோடு கப்பலில் வந்தோம், அவர்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் விண்ணப்பத்தைப் பரிசீலித்து முடிவெடுங்கள் என்றது தீர்ப்பு. அந்த முகாமிலிருந்து ஒரு பையன் நாளை ஒரு வெள்ளத்தில் ஊர்க்காரர்களைக் கரையேற்றிவிட்டு முழுகினால், கலெக்டர் மாலையோடு வருவார். அவன் தம்பியின் காகிதத்தில் ஓர் எழுத்து மாறாது.

இனி நம் ஊர். 2017 ஏப்ரல் 24 விடிகாலை. கோடநாடு எஸ்டேட் பங்களா கொள்ளை. அதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை, பஸ்ஸில் ஏறினால் இன்னும் அந்தப் பேச்சுதான். வழக்கு நடக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்று இரவு காவலில் இருந்து உயிர் விட்டவர் நேபாளத்திலிருந்து வந்த ஒரு மனிதர். இத்தனை வருடப் பேச்சில் பங்களாவைப் பற்றிப் பேசினோம், உள்ளே என்ன இருந்தது என்று பேசினோம், அரசியல் பேசினோம். அவர் பெயரை இங்கே எத்தனை பேர் சொல்வீர்கள்? கை தூக்க வேண்டாம். எனக்கும் நேற்று இரவு தேடித்தான் தெரிந்தது.

நேபாளத்துக்காரர் விஷயத்தில் ஓர் ஆறுதல் உண்டு. 1950 ஜூலை 31 ஒப்பந்தப்படி அவர்கள் இங்கே தங்கலாம், வேலை பார்க்கலாம். அந்த உரிமை புருஷன் பெயரில் தொங்கவில்லை. அவர் இறந்தாலும் மனைவியை யாரும் கிளம்பு என்று சொல்ல முடியாது. நான் கேட்பது இதைத்தான். குடியுரிமையைப் பரிசாகக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மாலை, நாணயம், மேடை, அதெல்லாம் உங்கள் விருப்பம். உயிரோடு இருக்கும்போது குடும்பம் எந்த வீட்டில் இருந்ததோ, அதே வீட்டில் அது இருக்கட்டும். ஆள் வேலைக்குச் சேரும் அன்றே மனைவிக்கும் பிள்ளைக்கும் தனித்தனியாகப் பேர் போடுங்கள். தியாகி என்று நிரூபிக்க ஒரு விதவையை அலைய வைக்காதீர்கள். செத்த பிறகு அவன் வீரனா இல்லையா என்று தரம் பிரிக்கும் வேலையும் மிச்சம்.

நம் நீலகிரி மலையில் ஆபத்து என்றால் முதலில் ஓடுகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். 2009 நவம்பர். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. மாவட்டம் முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ரோடெல்லாம் அடைத்துவிட்டது. வெளியிலிருந்து வண்டி வரும்வரை மண்ணைத் தோண்டியது பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். 2021 டிசம்பர் 8, நஞ்சப்பசத்திரம். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தபோது, வண்டி நேராகப் போக வழியில்லாத இடத்தில் முதலில் நின்றது குடத்தில் தண்ணீரும் வீட்டுக் கம்பளியும் எடுத்துவந்த சனங்கள். 2024 ஜூலையில் மலைக்கு அந்தப் பக்கம் வயநாட்டு நிலச்சரிவில், கயிற்றில் தொங்கி ஆற்றைக் கடந்துபோய் மருந்து கட்டியவர் நம் கூடலூர் நர்ஸ் சபீனா. கல்பனா சாவ்லா விருது கிடைத்தது, மகிழ்ச்சி. அதே வயநாட்டில் சனங்களை ஜீப்பில் ஏற்றி இறக்கிவிட்டு மறுபடி மேலே போன ஓட்டுநர் திரும்பி வரவில்லை.

இன்று நம் தோட்டங்களில் கொழுந்து எடுக்கிறவர் யார்? ஜார்க்கண்ட், அசாம், ஒடிசா. என் அப்பா காலத்தில் எங்களைப் பார்த்து சிலோன்காரன் என்றார்கள். இப்போது சிலோன்காரன் பேரன் இவர்களைப் பார்த்து இந்திக்காரன் என்கிறான். அசாமிலிருந்து வந்த பையனுக்குத் தாய்மொழி பெரும்பாலும் இந்தி இல்லை, அது வேறு விஷயம். அவர்கள் இந்தியக் குடிமக்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் அடுத்த ஐப்பசியில் மேட்டு லைன் சரிந்தால் முதலில் மண்வெட்டி எடுக்கப்போகிறவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டால் எந்த ஊருக்கு, யாருக்குச் சேதி சொல்வது என்று நம் யாருக்கும் தெரியாது. மேஸ்திரிக்குக்கூட முதல் பெயர் மட்டும்தான் தெரியும்.

மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை அபாயப் பகுதி என்று குறித்து, மழைக்கு முன்னால் முதல்நிலைப் பொறுப்பாளர்கள் பட்டியல் எடுக்கிறது. பெயர், போன் நம்பர். நல்ல ஏற்பாடு. நான் அதிலிருந்து ஒரு பக்கத்தை நகலெடுத்து, கையால் மூன்று கட்டம் கூடுதலாகப் போட்டிருக்கிறேன். பிறந்த ஊர். வீட்டில் யார் யார். அவர்கள் காகிதங்கள் எங்கே இருக்கின்றன. மனைவி பெயரை உங்கள் பெயருக்குக் கீழே எழுத வேண்டாம், தனி வரியில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன், நாற்பது வருடப் பழக்கம். இந்தி தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

பின்னால் மேசையில் நோட்டு இருக்கிறது. பக்கத்தில் டீயும் வர்க்கியும் வைத்திருக்கிறார்கள். கதவோரம் நிற்கிற தம்பிகள் முதலில் எழுதட்டும். அவர்களுக்கு எப்போது அழைப்பு வரும் என்று சொல்ல முடியாது.